ஹேண்டில்பாரை உயர்த்தும் முன் கேபிளை அளந்துவிடுங்கள்

எனக்குத் தேவைப்பட்டது 30 மில்லிமீட்டர் உயரம்; நான் வாங்கிப் பொருத்தியதோ 6 அங்குலம். இந்த இரண்டுக்கும் நடுவே நாலாயிரம் ரூபாயையும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளையும் தொலைத்த பிறகுதான், உயரமான ஹேண்டில்பார் என்பது தனியாக வாங்கி மாட்டும் பொருளன்று, கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் எல்லாம் அதோடு சேர்ந்து உயர வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து 350 சிசி வண்டியில் கன்னியாகுமரிக்கும், தென்காசி வழியாகக் கேரளத்துக்கும் அடிக்கடி போய்வருகிறவன் நான். இதே பாதைகளில் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கும் புதியவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்; நான் செய்த வரிசை வேறு.

1. வலி எங்கே என்று பாருங்கள்

நீண்ட ஓட்டத்துக்குப் பின் உள்ளங்கையும் மணிக்கட்டும் மரத்துப்போய், தோள்பட்டை முன்னோக்கி இழுத்துக்கொண்டால், ஹேண்டில்பார் தாழ்வாகவோ எட்டாத் தொலைவிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். வால் எலும்பும் இடுப்பும்தான் வலிக்கின்றன என்றால் குறை பெரும்பாலும் சீட்டில் இருக்கிறது. அந்த நிலையில் பாரை உயர்த்தினால் உடலின் பாரம் இன்னும் பின்னுக்குச் சென்று வலி கூடுமே தவிரக் குறையாது.

தேவையான உயரத்தை அளக்க ஷோரூம் ஏற்ற இடமன்று. அங்கே முதல் ஐந்து நிமிடம் எந்தப் பாரும் சுகமாகத்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரமாவது ஓட்டிய பிறகு, வள்ளியூர்ப் பக்கம் ஒரு டீக்கடை முன் நிறுத்தி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு உட்காருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு, முழங்கை சற்றே மடங்கிய நிலையில் கைகளை அவற்றுக்குப் பிடித்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். உடன் வந்தவர், கிரிப்பிலிருந்து உங்கள் உள்ளங்கை எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னே நிற்கிறது என்று டேப்பால் அளக்கட்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எனக்கு மேலே 30, பின்னே 20 மில்லிமீட்டர் வந்தது. பாரையே மாற்றி முடித்த பிறகுதான் இந்த அளவை எடுத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

நம் பகுதிக்கென்று ஒரு கணக்கு உண்டு, அது காற்று. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரை இரு புறமும் காற்றாலைகள் நிற்பது சும்மா அன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கணவாயிலிருந்து வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கை உயர உயர நெஞ்சு விரிந்து காற்றை வாங்கும். நாம் பாரைப் பிடித்துத் தொங்குவோம், உடம்பு ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேரும். அந்த 6 அங்குலப் பாரோடு ஒரு ஆடி மாதத்தில் காவல்கிணறைத் தாண்டியபோது, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக எனக்குத் துணிவில்லை. நான்கு வழிச்சாலையில்தான் உங்கள் ஓட்டம் அதிகம் என்றால், அளந்து வந்த உயரத்தை விடக் கொஞ்சம் குறைவாகவே தேர்ந்தெடுங்கள்.

2. இருக்கும் பாரைச் சுழற்றிப் பாருங்கள்

இதற்குச் செலவு இல்லை. பாரை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் மேல் கிளாம்பின் நான்கு போல்ட்டுகளையும் சற்றே தளர்த்தி, பாரை உங்களை நோக்கி மிகச் சிறிதளவு சுழற்றி, மறுபடி முறுக்குங்கள். லீவர்களின் கோணமும் கூடவே மாறிவிடும். அவற்றையும் தளர்த்தி, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பி வைக்க வேண்டும். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து வலி போய்விட்டதென்றால் உங்கள் வேலை முடிந்தது. இதன் எல்லை சிறியது. அதிகம் சுழற்றினால் கிரிப்பின் முனை தரையைப் பார்த்துச் சாய்ந்து மணிக்கட்டு வலி புதிதாக வந்து சேரும்.

3. ரைசரா, புதிய பாரா என்று முடிவெடுங்கள்

தேவை 50 மில்லிமீட்டருக்குள் என்றால் ரைசர் போதும். பழைய பாருக்கும் கிளாம்புக்கும் அடியில் வைக்கும் அலுமினியக் கட்டைதான் ரைசர். ஸ்விட்ச், லீவர், கிரிப் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். சில ரைசர்கள் பாரைப் பின்னோக்கியும் கொண்டுவரும். என் அளவுக்கு அந்த வகைதான் பொருந்தியது.

ரைசரில் பார்க்க வேண்டியது போல்ட்டின் நீளம். கட்டை உயரும் அளவுக்குப் போல்ட்டும் நீண்டிருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட், அலுமினிய மரைக்குள் குறைந்தது 12 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். நாலு சுற்றில் நின்றுவிடும் போல்ட் ஒரு பள்ளத்தில் மரையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உயரம் போதவில்லை என்று ரைசரின் மேல் ரைசர் அடுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

50 மில்லிமீட்டருக்கு மேல் உண்மையிலேயே தேவைப்படும் நெட்டையர்களுக்கும், நின்றுகொண்டு ஓட்டும் மலைப்பாதைக்காரர்களுக்கும்தான் புதிய பார். தோற்றத்துக்காக மட்டும் என்றால், நான் சொல்லி நீங்கள் கேட்கப்போவதில்லை. ஆனால் ஐந்தாம் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

4. பாரின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்காரர் ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று சொல்வார். சேராது. வெர்னியர் காலிப்பர் ஒன்றை இரவல் வாங்கி, உங்கள் பழைய பாரில் கிரிப் உட்காரும் இடத்தின் விட்டத்தையும், கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். கிரிப் பகுதி பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர்தான். நடுப்பகுதி 22 ஆக இருக்கலாம், சில குரூசர் வண்டிகளில் 25.4 ஆக இருக்கும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் பார்களில் 28.6 ஆக இருக்கும். பெரிய கிளாம்புக்குள் சிறிய பாரை வைத்துத் தகரத்தை மடித்துச் செருகுவதெல்லாம் சாலையில் விழுவதற்கான ஏற்பாடு.

அடுத்து உயரம், மொத்த அகலம், பின்வளைவு (கிரிப் நம்மை நோக்கி வளைந்து வரும் அளவு) ஆகிய மூன்றையும் பழைய பாரோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். விளம்பரத்தில் ‘6 அங்குலம்’ என்று போட்டிருப்பது பாரின் மொத்த உயரமா, உங்கள் பழைய பாரை விடக் கூடுதலாக வரும் உயரமா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை, பழைய பாரை விட 2 அங்குலம்தான் கூடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கூடியது முழு 6.

எளிதில் தவறவிடும் அளவு இன்னொன்று உண்டு. கிரிப் பக்கத்தில் வளைவின்றி நேராக இருக்கும் பகுதியின் நீளத்தைத்தான் சொல்கிறேன். கிரிப், ஸ்விட்ச் பெட்டி, லீவரின் பிடி, மிரர் ஆகிய அனைத்தும் அந்த நேர்ப்பகுதியில்தான் உட்கார வேண்டும். அது குட்டையாக இருந்தால் ஸ்விட்ச் பெட்டி வளைவின் மேல் ஏறிச் சரியாக மூடாது. ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சிறிய முளை இருக்கும்; அது உட்கார பாரில் துளை வேண்டும். துளையிடும் முன் பெட்டியை வைத்துக் குறித்து, முளையின் அளவுக்கு மட்டும் போடுங்கள். துளைக்குப் பயந்து முளையை அறுத்துவிட்டால், பிரேக் பிடிக்கிற நேரத்தில் ஸ்விட்ச் பெட்டி கையோடு சுழலும்.

5. கேபிளை அளந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பாரிலிருந்து கீழே இறங்குபவை நான்கு: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக்கின் ஹோஸ், இரு பக்க ஸ்விட்ச் ஒயர்கள். கேபிள் இன்றி மின்சாரத்தால் இயங்கும் ஆக்சிலேட்டர் உள்ள புதிய வண்டிகளில் அதற்கும் ஒயர்தான்.

பாரை முழுக்க இடப்பக்கமும் முழுக்க வலப்பக்கமும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எது எங்கே இழுபடுகிறது, எவ்வளவு தளர்வு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். நேராக நிற்கும்போது தளர்வாகத் தொங்கும் கேபிள், ஒரு பக்கம் திருப்பினால் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். பிறகு ஒரு சணல் கயிற்றை எடுத்து, கேபிள் போகும் வழியிலேயே அதையும் ஓட்டி, புதிய கிரிப் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துக்கு ஒரு குச்சியைக் கட்டி அதில் கயிற்றின் முனையைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பழைய கேபிளை விடக் கயிறு எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படுகிறதோ, அதையும் இன்னும் 2 அங்குலத்தையும் பழைய கேபிளின் நீளத்தோடு சேர்த்ததே உங்களுக்கு வேண்டிய கேபிளின் நீளம். இந்தக் கயிற்று வித்தையை எனக்குச் சொல்லித்தந்தவர் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர். நான் 6 அங்குலப் பாரோடு அவரிடம் போய் நின்றபோது, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “தம்பி, பாரு ஒசந்துட்டு, கேபிளு ஒசரலையே?” என்று மட்டும் கேட்டார்.

அவரிடம் போவதற்கு முந்தைய நாள் நடந்ததைச் சொன்னால் இந்தப் படியின் அருமை விளங்கும். முதலில் பாரைப் பொருத்திக் கொடுத்த கடையில் பழைய கேபிள்களையே இழுத்து மாட்டியிருந்தார்கள். வண்ணார்பேட்டையில் நெரிசலுக்கு நடுவே வலப்பக்கம் முழுதாகத் திருப்பியபோது, நான் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமிக்கொண்டு எகிறியது. கேபிளின் வெளியுறை இழுபட்டு, உள்கம்பியின் தளர்வு முழுவதும் தீர்ந்துபோனதால் ஆக்சிலேட்டர் தானே திறந்துகொண்டது. கிளட்சைப் பிடித்தேன்; அந்தக் கேபிளும் விறைத்திருந்ததால் லீவர் பாதியில் நின்றது. முன்னால் நின்ற நகரப் பேருந்தின் பின்பம்பரை வண்டி தொட்டது, நல்லவேளையாகத் தொட்டதோடு சரி.

பிரேக் ஹோஸ் இதை விடப் பெரிய விஷயம். ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவரிலிருந்து கிளம்பும் ஹோஸ் நேராகச் சக்கரத்துக்குப் போகாமல், டேங்குக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குப் போய்த்தான் திரும்பி வரும். ஆகவே நீட்ட வேண்டியது அந்த முதல் துண்டு. ஆர்டர் கொடுக்கும்போது இரு முனைகளின் கோணத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சாதாரணமாகப் பம்ப் அடித்து எடுக்க முடியாமல் போகலாம். அதற்கான கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்கு வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இழுபட்ட ஹோஸோடு ‘இப்போதைக்கு ஓட்டலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

6. காகிதங்களைச் சரிபாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அதே 2019-இல் திருத்தத்தின் மூலம் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஹேண்டில்பாரின் உயரம் ஆர்.சி.யில் ஏறும் விவரம் அன்று என்றாலும், தலைக்கு மேல் கை போகும் பாரைப் பார்க்கும் அதிகாரியிடம் அந்த வாதம் எடுபடும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். புளியரை வழியாக ஆரியங்காவுக்குள் நுழைகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; மாற்றியமைத்த வண்டிகள் மேல் கேரள மோட்டார் வாகனத் துறைக்குள்ள கெடுபிடி ஊரறிந்தது. உங்கள் வண்டித் தயாரிப்பாளரே துணைப்பொருளாக விற்கும் பாரோ ரைசரோ கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்கி, பில்லின் நகலை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும் முன் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. வாரண்டி இருக்கும் வண்டியென்றால், பாரை மாற்றுவதால் எந்தப் பாகத்தின் வாரண்டி போகும் என்பதைச் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இன்சூரன்ஸ் பாலிசியில் துணைப்பொருள்களைக் குறிக்கத் தனி இடம் இருக்கும். பில்லை இணைத்து, மாற்றத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பது நல்லதன்று.

7. செலவையும் நாளையும் கணக்கிடுங்கள்

என் கணக்கு இது: 6 அங்குலப் பார் 2,600 ரூபாய், பொருத்துகூலி 700, அறுத்தெடுத்ததால் வீணான கிரிப்புக்கு மாற்று 400, இழுபட்டு நைந்த கிளட்ச் கேபிளுக்கு மாற்று 350, கடைசியில் ரைசர் 1,400, அதற்குக் கூலி 500. ஆக மொத்தம் 5,950 ரூபாய். முதலிலேயே அளந்திருந்தால் ரைசரும் கூலியுமாக 1,900 ரூபாயோடு முடிந்திருக்கும். கிளாம்பின் தழும்பு பட்ட பாரைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை, அதில் அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை.

உண்மையிலேயே 4 அங்குலம் தேவைப்பட்ட என் நெட்டை நண்பருக்கு, பார் 2,800, அளவெடுத்துச் செய்த ஹோஸ் 2,100, கேபிள்கள் 900, ஒயர் நீட்டிப்பு 400, பிரேக் ஆயிலும் செம்பு வாஷர்களும் 300, கூலி 1,700 என்று 8,200 ரூபாய் ஆனது. பாரின் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பணத்தை எடுத்து வையுங்கள். ஹோஸ் கூரியரில் வந்து சேர அவருக்கு ஒன்பது நாள் ஆனது. எல்லாப் பொருளும் கைக்கு வரும்வரை வண்டியைப் பிரிக்காதீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய பத்து நாளில் எந்தப் பட்டறையிலும் நிதானமான வேலை நடக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த வெளியில் பிரேக் லைனைப் பிரிக்கவும் கூடாது, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குற்றால சீசன் ஓட்டத்துக்குத் தயாராக வேண்டுமானால் சித்திரையிலேயே முடித்துவிடுங்கள்.

8. பொருத்துதல்

காலையில் தொடங்குங்கள். டேங்கின் மேல் பழைய போர்வையைத் தடித்து மடித்துப் போடுங்கள். கழன்ற பார் சாய்ந்து விழும் இடம் அதுதான், பிரேக் ஆயில் சிந்தினாலும் பெயின்ட் போய்விடும். கேபிள் எந்த இடுக்கு வழியாகப் போகிறது என்பதை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மிரர், பார் முனை எடைகள், கிரிப், ஸ்விட்ச் பெட்டி, லீவர்கள் என்ற வரிசையில் கழற்றுங்கள். கிரிப்பைக் கத்தியால் அறுக்க வேண்டாம். பஞ்சர் கடையில் காற்றுக்குழாயின் முனையைக் கிரிப்புக்கு அடியில் செருகி அடித்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிரேக் ஆயில் டப்பாவைத் தலைகீழாகத் தொங்கவிடாமல், மட்டமாக ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள்.

புதிய பாரைக் கிளாம்பில் வைத்து நான்கு போல்ட்டுகளையும் கையால் மட்டும் முறுக்கி, உட்கார்ந்து பார்த்துக் கோணத்தைச் சரிசெய்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். கிளாம்பின் முன்புறம், பின்புறம் இரண்டிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டுமா, ஒரு புறத்தை முழுதும் மூடிவிட்டு மறுபுறம் இடைவெளி விட வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். முறுக்கும் அளவோடு சேர்ந்து அதுவும் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாத பட்டறையில் இந்த நான்கு போல்ட்டுகளை மட்டும் முறுக்கவிடாதீர்கள்.

ஹோஸ் மாற்றினால் இரு முனையிலும் செம்பு வாஷர்கள் புதிதாகத்தான் போட வேண்டும். நசுங்கிய பழைய வாஷர் கசியும். மூடியில் எழுதியிருக்கும் வகைப் பிரேக் ஆயிலையே, புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள்.

9. சோதித்த பிறகே சாலைக்கு வாருங்கள்

எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் பாரை முழு இடத்துக்கும் முழு வலத்துக்கும் மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சினின் சத்தம் இம்மியளவு கூடினாலும் கேபிள் குட்டை அல்லது வழி தவறு என்று பொருள். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால், பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், அது பட்டென்று தானே மூட வேண்டும். கிளட்ச் லீவரின் முனையில் கையேடு சொல்லும் தளர்வு இரு பக்கத் திருப்பத்திலும் இருக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டி டேங்கில் இடிக்கிறதா, லீவர் கண்ணாடித் தடுப்பில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். பஞ்சு போல அமுங்கினால் காற்று இருக்கிறது.

பிறகு தெருவுக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர். அடுத்த நாள் நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி வரை போய்த் திரும்பி, போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். புளியரையின் எஸ் வளைவுக்கு, பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு முதல் வாரத்திலேயே போக வேண்டாம். உயர்ந்த பாரில் உடல் பாரம் பின்னுக்குப் போவதால் முன்சக்கரம் இலேசாகத் தோன்றும், அதற்குக் கை பழகச் சில நாள் பிடிக்கும். மிரர்களையும் புதிய உயரத்துக்கேற்பத் திருப்பிவிடுங்கள், பலர் மறப்பது இது.

கழற்றிய பழைய பாரையும் கிரிப், போல்ட்டுகளையும் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் நாளில் அதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். என் வீட்டுப் பரணில் பழைய பாருக்குப் பதில் அந்த 6 அங்குலப் பார்தான் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் கயிற்றால் அளந்துவிட்டு வாருங்கள், சும்மாவே தருகிறேன்.